அழகர் வரும் வழியில் ஓட்டு கேட்டுப் போனோம்

2019 மார்ச் 29, வெள்ளிக்கிழமை இரவு. எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். பையில் ஐந்து சுடிதார், ஒரு தொப்பி, பத்துப் பொட்டலம் ஓ.ஆர்.எஸ். அலுவலகத்தில் மூன்று வாரம் லீவு சொல்லியிருந்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்த லீவு அது. அம்மா போனில் ஒரு மூச்சு சத்தம் போட்டுவிட்டு, "வர்றப்ப நல்ல செருப்பா வாங்கிட்டு வா, உன் செருப்பு மேலூர் வெயிலுக்குத் தாங்காது" என்று முடித்தார். அம்மாவும் மாதர் சங்கத்தில் இருபது வருடம் கொடி பிடித்தவர்தான்.

எங்களுக்குச் செல்லூர். வைகையின் வடகரை. வாடகைக்குச் சென்னையில் இருந்தாலும் ஓட்டு மதுரையில்தான், அதை மாற்றவே இல்லை.

அந்த வருடம் மார்ச் 10-ஆம் தேதி தேர்தல் தேதிகள் வந்ததுமே மதுரைக்காரர்கள் அத்தனை பேரும் காலண்டரைத்தான் புரட்டியிருப்போம். ஏப்ரல் 17 மீனாட்சி திருக்கல்யாணம். 18 தேரோட்டம். 19 விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். வாக்குப்பதிவும் அதே 18. போதாததற்கு அன்றைக்குப் பெரிய வியாழன் வேறு. தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள், மாறவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை என்று இரண்டு மணி நேரம் கூட்டிக் கொடுத்தார்கள். ஊர் முழுக்கத் தெருவில் நிற்கும் நாளில் ஒவ்வொருவரையும் பூத்துக்கு வரவைக்க வேண்டும். அதை நினைத்துத்தான் லீவு போட்டேன்.

எங்கள் வேட்பாளர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசன். மதுரையின் வரலாற்றை நாவலாக எழுதி 2011-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். சின்னம் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். கூட்டணி என்பதால் ஒரே வண்டியில் ஐந்தாறு கொடி பறக்கும்.

முதல் வாரம் எனக்கு அழகர்கோவில் சாலை. மூன்றுமாவடி தாண்டி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி என்று மலை வரை போகும் பாதை. அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வருவதும் இதே வழிதான். வழி நெடுகவும் ஆற்றுக்கரையிலும் நானூறுக்கு மேல் மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் அழகர் நின்று, இருந்து, தீபாராதனை பார்த்துவிட்டுத்தான் நகர்வார். நாங்கள் போன நாட்களில் அந்த மண்டபங்களுக்கெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாசனையும் காவிப்பட்டையுமாகச் சாலையே புதுசாக இருந்தது.

குட்டியானையில் மைக் கட்டிப் போவோம். பின்னால் பைக்குகள். ஒரு ஊரில் பத்து நிமிடம், அடுத்த ஊர். ஒரு நாளைக்கு இருபத்தைந்து இடம் என்று கணக்கு. மூன்றாம் நாள் கடச்சனேந்தலுக்கு அந்தப்பக்கம் ஒரு மண்டகப்படி வாசலில் கோலமாவு இடித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். எழுபதைத் தாண்டியிருக்கும், காதில் தண்டட்டி.

"ஏத்தா, யாரு பேசுனது மைக்குல, நீயா?"

"ஆமா அப்பத்தா."

"நல்லாத்தான் பேசுற. ஆனா நீ பேசுறது பாதிதான் காதுல விழுகுது, அதுக்குள்ள வண்டி அங்கிட்டுப் போயிருது. அழகரே எங்க வாசல்ல நின்னுதான் போறாரு. ஓட்டு கேக்குற நீங்க நிக்காமப் போனா எப்படித்தா?"

எங்கள் குழுவுக்குப் பெரியவர், பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தோழர். அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, அப்பத்தாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று மாலையே கணக்கு மாறியது. இருபத்தைந்து இடம் பத்தானது. மைக்கை அணைத்துவிட்டு இரண்டிரண்டு பேராகத் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனோம். தொண்டர்களில் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை, இத்தனை ஊர் விட்டுப்போகிறதே என்றார்கள். எனக்கு அப்பத்தா சொன்னதுதான் சரியென்று பட்டது, இப்போதும் படுகிறது. வாசலில் நின்றால்தான் எதிராளி பேச ஆரம்பிக்கிறார். மைக் பிடித்த மூன்று நாளில் நான் ஒருவர் குரலைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

அப்படி நின்று கேட்டதில் முக்கால்வாசி தண்ணீர்தான். முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்தது 1895-இல். அந்தத் தண்ணீர் வைகை அணை வந்து, பேரணையிலிருந்து பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிக்கு வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால்தான். மடைக்கு அந்தப்பக்கம் இருப்பவரும் இந்தப்பக்கம் இருப்பவரும் சம்பந்தி முறை, ஆனால் வயலின் நிறம் வேறு. பள்ளிக்கூடத்தில் பெரியாறு என்று படித்தபோது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. ஒரு விவசாயி என்னை வரப்பில் கூட்டிக்கொண்டு போய், வெடித்துக் கிடந்த மண்ணில் முழங்கை வரை கையை விட்டுக் காட்டினார். அவரிடம் நோட்டீஸ் கொடுக்கக் கை வரவில்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் மேலூர். பங்குனி கடைசி என்பதால் ஊருக்கு ஊர் அம்மன் சாட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிய ஊரில் ராத்திரி வெளியூரில் யாரும் தங்கமாட்டார்கள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஓட்டு கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் அவர்கள் வேலையில் குறுக்கே விழக்கூடாது.

ஒரு ஊருக்குள் நுழைகிறோம், எதிரே முளைப்பாரி வருகிறது. ஐம்பது அறுபது பெண்கள், தலையில் வெளிறிய பச்சையாய் ஆடுகிற பயிர், முன்னால் பறை. ஓட்டுநர் தோழர் தானாகவே வண்டியை வேலியோரம் ஒதுக்கி மைக்கை அணைத்தார். கொடிகளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். மந்தையில் பாரியை இறக்கி வைத்துக் கும்மி ஆரம்பித்தார்கள். ஒரு அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். செல்லூரில் சின்ன வயதில் அடித்த கும்மி கால்களுக்கு ஞாபகம் இருந்தது. அரை மணி நேரம் சுற்றியிருப்பேன். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தபோது அதே அக்கா பானகம் கொடுத்துவிட்டு, "இப்பச் சொல்லுத்தா, என்னா விஷயமா வந்தீங்க" என்றார்.

அந்த மந்தையில் பேசியதுதான் நான் பேசியதிலேயே நன்றாக அமைந்த பேச்சு. நூறு நாள் வேலையில் பாக்கி நிற்கிற கூலி, அந்த வேலை எந்தச் சட்டத்தால் வந்தது, நாடாளுமன்றத்தில் அதைக் கேட்க யார் வேண்டும் என்பதைப் பற்றி. கிளம்பும்போது உண்டியலில் பெண்கள் பத்தும் இருபதும் போட்டார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்ட காசு. ஓட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று எல்லா ஊரிலும் பேச்சு உண்டு. ஓட்டு கேட்க வந்தவளுக்கே காசு கொடுத்த ஊரும் உண்டு என்று எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். இங்கே எழுதிவிட்டேன்.

ஒரு மதியம், வெயில் தாழட்டும் என்று அரிட்டாபட்டியில் தங்கினோம். உள்ளூர்ப் பையன்கள் கழிஞ்சமலைக்குக் கூட்டிப்போனார்கள். சமணர் குகையில் தமிழிப் பிராமிக் கல்வெட்டு, ஈராயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. பாறையில் உட்கார்ந்த நிலையில் தீர்த்தங்கரர். மலையின் இன்னொரு பக்கம் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். குகைக்குள் அந்த நேரத்திலும் கல் குளிர்ந்திருந்தது. பக்கத்துக் குன்றுகளைக் கிரானைட்டுக்காக அறுத்திருப்பதை வரும் வழியெல்லாம் பார்த்திருந்தோம். இந்த மலையைக் காப்பாற்ற இந்த ஊர்க்காரர்கள் எத்தனை மனு எழுதினார்கள் என்று அந்தப் பையன்கள் வரிசையாகச் சொன்னார்கள். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பையன்களின் முகங்கள்தான்.

ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு, அம்பேத்கர் பிறந்தநாள். காலையில் அவுட்போஸ்ட் சிலைக்கு மாலை போட்டுவிட்டு நேரே பூத் சிலிப் எழுத உட்கார்ந்தோம். 16-ஆம் தேதியோடு பிரச்சாரம் ஓய்ந்தது. கடைசி இரண்டு நாளில் தொண்டை முழுக்கக் கட்டிப்போய், பருத்திப்பாலில் சுக்கு தூக்கலாகப் போடச் சொல்லிக் குடித்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

18-ஆம் தேதி செல்லூரில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நான் பூத் ஏஜென்ட். காலை 6 மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு. பக்கத்து நாற்காலியில் எதிரணியின் ஏஜென்ட். ஐம்பது வயது அண்ணன், சாயப்பட்டறை வேலை. மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்தார். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற நேர்த்திக்கடன், பதினைந்து நாள் விரதம்.

"நாளைக்கு விடியக்காலை நான் ஆத்துக்குள்ள ஏ.வி. பாலத்துக்குக் கீழ நிப்பேன் பாப்பா. இன்னிக்கு உனக்கு எதுத்தாப்புல உக்காந்துருக்கேன்" என்றார்.

காலையில் கூட்டம் குறைவு. அந்தப்பக்கம் மாசி வீதிகளில் தேர் ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் வடம் பிடித்த கையோடு வர ஆரம்பித்தார்கள். நெற்றியில் குங்குமம், பிள்ளைகள் கையில் பலூன், சொப்புச் சாமான். ஒரு பாட்டி எந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியின் கண்ணாடியில் ஏழு வினாடி சீட்டு தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "விழுந்துருச்சு, விழுந்துருச்சு" என்று உள்ளேயிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு தாத்தாவுக்குப் பட்டியலில் பெயர் இல்லை. வாழ்நாள் முழுக்க இதே பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டவர். காப்பு கட்டிய அண்ணனும் நானும் சேர்ந்து பட்டியலை மூன்று முறை புரட்டினோம். இல்லை. தாத்தா அடையாள அட்டையை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த தேர்தலில் நான் ஆறு மாதம் முன்பே போய்ப் பட்டியலோடு வீடு வீடாக ஏற வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

8 மணிக்கு வாசல் கதவை மூடினார்கள். எந்திரத்துக்குச் சீல் வைத்ததும் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பதிவான வாக்குகளின் கணக்கு எழுதிய 17-சி படிவத்தை வாங்கி எண்ணைச் சரிபார்த்துத் தோழர்களிடம் கொடுத்துவிட்டு, அம்மாவோடு தல்லாகுளம் நடந்தேன். பெருமாள் கோயிலைச் சுற்றி விடியவிடிய ஜனம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அழகர் சூடிக்கொள்கிற இரவு. சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி ஏந்தி நிற்கிற பெண்களின் முகமெல்லாம் வெளிச்சம். சூடத்தைப் பிடித்த விரல்களில் பாதி மை வைத்த விரல்கள். அம்மா சாமி கும்பிடாதவர். ஆனாலும் வருடா வருடம் வருவார். ஏன் என்று அன்றுதான் கேட்டேன். "சனத்தப் பாக்கத்தான்" என்றார்.

விடியும் முன்னே ஆற்றுக்குள் இறங்கிவிட்டோம். வானம் வெளுக்கிற நேரம், தங்கக் குதிரையில் அழகர். மண்ணும் பாலமும் மாடிகளும் நிறைந்து லட்சக்கணக்கான பேர் ஒரே குரலில் கோவிந்தா என்கிறார்கள். நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

மே 23-ஆம் தேதி எண்ணியபோது எங்கள் வேட்பாளர் 1,39,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று நான் சென்னையில் அலுவலகத்தில் இருந்தேன், கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து கணக்கைப் பார்த்தேன். ஆனால் அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது ஏ.வி. பாலத்தின் அடிதான். சல்லடம், உருமால், இடுப்பில் சலங்கை கட்டித் தோல்பையைத் தோளில் மாட்டியவர்கள் கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வேஷத்தில் முகம் அடையாளம் தெரியவில்லை, மணிக்கட்டுக் காப்பும் விரல் மையும்தான் தெரிந்தது.

"பாப்பா, தலையக் குனி!"

குனிந்தேன். துருத்தித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து கழுத்து வழியே இறங்கியது. மூன்று வார வெயில் பட்ட தோல் சில்லிட்டது. பக்கத்தில் அம்மாவும் கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றார்.