மூன்றடி உயரத்தில் மாட்டிக்கொண்ட சுடுதண்ணீர்

கொழும்பு வெக்கைக்குச் சுடுதண்ணீர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி, பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறியபின் கீசர் சுவிட்சைத் தொடவே மனம் வரவில்லை. 150 லீட்டர் தண்ணீரை 25 பாகை சூடாக்க ஏறத்தாழ நாலரை யூனிட் வேண்டும். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில். மொட்டைமாடியில் காலையிலேயே கால் வைக்க முடியாது. அந்த வெயில் சும்மாதானே போகிறது என்று சோலர் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை, அதாவது உள்ளும் வெளியுமாக இரண்டு கண்ணாடி, நடுவில் காற்று இல்லை. 150 லீட்டர்.

வாங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. முற்பணம் கட்டினோம், சாமான் சொன்ன நாளில் வந்தது. விற்ற தம்பி, “மேல்மாடிப் படம் ரெண்டு வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ அண்ணா, அது காணும்” என்றார். அளக்க ஒருவரும் வரவில்லை. போதாக்குறைக்கு, மின்சாரக் கந்தோரில் அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றேன். அங்கிருந்த அதிகாரி, “இன்வேட்டர் என்ன மொடல்?” என்று கேட்டார். இன்வேட்டர் இல்லை, இது தண்ணீர் சூடாக்குவது என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “கரண்டை எங்களுக்கு விக்கிற ஆக்களுக்குத்தான் இந்தப் படிவம். உங்கட தண்ணியை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ.” வெயிலில் மின்சாரம் எடுப்பதும் தண்ணீர் சூடாக்குவதும் வேறுவேறு என்பதே அதை விற்பவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பொருத்த வந்த பெடியன்கள் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, தெற்குப் பக்கம் சரியாகத் திருப்ப வேண்டும் என்று வெகுநேரம் மினக்கெட்டார்கள். கொழும்பு 7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேரே உச்சிக்கு வரும். ஒரு பாகை அங்கே இங்கே திரும்பினால் இங்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. குடிமுழுகுகிற விஷயம் உயரம். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த வகையில் பம்ப் கிடையாது. குழாய்க்குள் தண்ணீர் சூடானதும் இலேசாகி மேலே இருக்கும் தாங்கிக்குப் போகும், குளிர்ந்தது தானாகக் கீழே இறங்கும். ஆனால் அந்தச் சோலர் தாங்கிக்கு வீட்டுத் தண்ணீர்த் தாங்கியிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும், அதுவும் சும்மா விழுந்துதான் வர வேண்டும். ஆகவே வீட்டுத் தாங்கியின் அடி, சோலர் தாங்கியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் தாங்கியோ தாழ்வான செங்கல் கட்டில் குந்திக்கொண்டிருக்கிறது. வீட்டுத் தாங்கி நிறைந்திருக்கும்போது மட்டும் சோலருக்குள் கொஞ்சம் தண்ணீர் ஏறும், அம்மா குளிக்கப் போகும் நேரத்தில் ஷவர் காற்றை ஊதும். குறைந்தது மூன்றடி உயர்த்த வேண்டியிருந்தது.

கொம்பனி சொன்ன பரிகாரம்: “பிரஷர் பம்ப் ஒண்டு பூட்டுங்கோ.” தாங்கியில் ஒட்டியிருந்த தாளிலேயே அழுத்தம் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது! இவற்றின் தாங்கி மெல்லிய தகடு, மேலே காற்றுப்போக்கித் திறந்திருக்கும், கண்ணாடிக் குழாய்களைப் பிடித்து வைத்திருப்பது வெறும் இறப்பர் வளையம். பம்ப் பூட்டச் சொன்னால் தயவுசெய்து பூட்டாதீர்கள்.

சரி, தாங்கியை உயர்த்துவோம் என்று வெல்டிங் பாஸைக் கூப்பிட்டேன். இந்தக் கதையில் வேலை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஆயிரம் லீட்டர் என்றால் ஒரு தொன் பாரம், அதைத் தட்டின் நடுவில் வைக்கக் கூடாது, தூண் வருகிற இடத்தில்தான் கால் இறங்க வேண்டும் என்று கீழ்வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடையாளம் போட்டார். கடல் உப்புக் காற்றுக்கு வெறும் பெயின்ட் நிற்காது என்று கல்வனைஸ் குழாயில் ஸ்டாண்ட் செய்து, வெல்ட் பண்ணிய இடங்களுக்கு இரண்டு முறை துருத்தடுப்பு அடித்தார்.

உயரம் சரியானது. அப்புறம்தான் குழாய் வெடித்தது.

பெடியன்கள் காலையில் வருவதாகச் சொல்லி நடுப்பகலில் வந்தார்கள். வெறுமையாக வெயில் காய்ந்த குழாய்களுக்குள் நேரே தண்ணீரைத் திறந்தார்கள். படார்! சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வேறென்ன நடக்கும்? விடியற்காலையில் நிரப்புங்கள், இல்லாவிட்டால் பொழுது பட்டபின். பகலில்தான் முடியும் என்றால் குழாய்களைப் போர்வையால் மூடி ஆறவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். உடைந்ததை அவர்களே மாற்றித் தந்தார்கள், அது வேறு விஷயம்.

சில நாளில் பக்கத்துக் குழாயில் வேறு வருத்தம். நல்ல குழாயின் அடி கண்ணாடி பார்ப்பது போல் வெள்ளி நிறத்தில் பளபளக்கும். இதன் அடி வெளுத்துப் பால் நிறமாகியிருந்தது. வெளிக்கண்ணாடியில் மயிரிழை கீறல் விழுந்து வெற்றிடம் போய்விட்டது என்பதன் அடையாளம் அது. கையை வைத்துப் பார்த்தேன். மற்றக் குழாய்கள் உள்ளே தண்ணீர் கொதித்தாலும் வெளியே சும்மா இளஞ்சூடுதான், இது மட்டும் சுட்டது. உள்ளே நிற்க வேண்டிய சூடு வெளியே போய்க்கொண்டிருந்தது.

முறைப்பாட்டு மேசையில் இருந்த பெண் படத்தைப் பார்க்கவே இல்லை. “கண்ணாடி உடைஞ்சால் வாரண்டி இல்லை.” உடையவில்லை மிஸ், தண்ணீர் ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்றேன். “அப்ப பிழை இல்லைத்தானே?” பிறகு முத்திரை குத்திய வாரண்டி அட்டை கேட்டார். அட்டை தரவே இல்லை என்றதும், விற்ற தம்பியைக் கேட்கச் சொன்னார். தம்பி வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தார். கடைசியில் அவர்களுடைய மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் வாயே திறக்கவில்லை. நேரே குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனவர், அதில் கையை வைத்ததும் வெடுக்கென எடுத்தார். புதுக் குழாய் வந்துவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில. சுடுதண்ணீர்ப் பாதையில் சாதாரண பிவிசி போடவிடாதீர்கள், 60 பாகை அளவில் அது இளகத் தொடங்கிவிடும். சூடு தாங்கும் சிபிவிசி அல்லது பிபிஆர் குழாய் கேளுங்கள். தண்ணீர் நன்றாக வரும் என்று ஒரு அங்குலக் குழாய் போடச் சொல்வார்கள். அரை அங்குலத்தைவிட அது நாலு மடங்கு தண்ணீர் பிடிக்கும், குழாய்க்குள் ஆறிப்போன அவ்வளவையும் ஓடவிட்ட பிறகுதான் சூடு வரும். ஷவருக்குப் பச்சைத் தண்ணீர் பம்பிலிருந்தும் சுடுதண்ணீர் சோலரிலிருந்தும் வந்தால் ஒன்றை ஒன்று தள்ளும்; இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து இறங்க வேண்டும். தாங்கிக்குள் இருக்கும் மின்சூடாக்கியின் சுவிட்ச் எப்போதும் அணைந்தே இருக்கட்டும். தென்மேல் பருவமழை மூடிக்கொண்டிருக்கும் நாட்களில் மட்டும், மாலையில் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டால் போதும்.

இப்போது கீசர் கழற்றி மூலையில் கிடக்கிறது. ஸ்டாண்ட் செய்த காசை யார் கொடுப்பது என்பதில்தான் கொம்பனிக்கும் எனக்கும் இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. வெல்டிங் பாஸின் பில்லையும், நான் முதல்நாள் அனுப்பிய மொட்டைமாடிப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். படத்தில் தாங்கி எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது நன்றாகவே தெரிகிறது.