பழைய விளையாட்டு புது விண்டோஸில் ஓடவில்லையா? எங்கே முட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

1990களில் வந்த விளையாட்டுச் சிடி ஒன்றைப் போட்டு செட்டப்பைச் சொடுக்கினால், இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது என்று 64 பிட் விண்டோஸ் சொல்லிவிடும். உடனே பலரும் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கும் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய் விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். அந்தச் செய்திக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. ப்ராசசர், இன்ஸ்டாலர், திரை, வேகம், சிடி பூட்டு ஆகியவற்றில் எதில் விளையாட்டு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் தொடங்கினால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

முதல் சோதனை, விளையாட்டைத் திறக்கும் இஎக்ஸ்இ ஃபைல் எந்த வகை என்பது. ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் எம்இசட் என்றிருக்கும். இது எல்லாவற்றுக்கும் பொது. ஹெக்ஸ் கணக்கில் 3சி என்ற இடத்தில் இருக்கும் எண், அடுத்த தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டும். அங்கே பிஇ என்றிருந்தால் 32 பிட் விண்டோஸ் புரோகிராம், நம்பிக்கையோடு மேலே போகலாம். என்இ என்றிருந்தால் 16 பிட் விண்டோஸ். எல்இ என்றிருந்தாலோ அப்படி ஒரு தலைப்பே இல்லாவிட்டாலோ பெரும்பாலும் டாஸ், அதாவது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளத்துக்கு எழுதியது. லினக்ஸில் இவ்வளவு பாடு வேண்டாம், ஃபைல் என்ற கட்டளையே வகையைச் சொல்லிவிடும். ஃபோல்டரில் டாஸ்4ஜிடபிள்யூ என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடந்தால், டாஸ் பதிப்பு கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

16 பிட் என்றால் ஏன் ஓடாது? 64 பிட் நிலையில் இயங்கும்போது, டாஸ் புரோகிராம்கள் ஓடுவதற்கென்று இருந்த வர்ச்சுவல் 8086 நிலையை இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்கள் தருவதில்லை. அதை நம்பியிருந்த என்டிவிடிஎம் என்ற பகுதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே இருந்தது. 64 பிட் விண்டோஸில் அது சேர்க்கப்படவே இல்லை. எந்த டிக்கைப் போட்டாலும் எடுத்தாலும் இது மாறப்போவதில்லை.

ஆனால் விளையாட்டு 32 பிட்டாகவும் செட்டப் மட்டும் 16 பிட்டாகவும் இருப்பது மிகவும் சகஜம். விண்டோஸ் 95 காலத்துச் சிடிகளில் இது நிறைய. விண்டோஸ் 3.1 வைத்திருப்பவர் சொடுக்கினாலும் செட்டப் திறந்து, உங்களுக்கு விண்டோஸ் 95 வேண்டும் என்று சொல்லியாக வேண்டும், அதற்காக அப்படி எழுதினார்கள். ஆக, விளையாட்டு நன்றாகவே ஓடும், வாசல் கதவுதான் திறக்கவில்லை. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து சிடியை மூடி வைத்துவிடுகிறார்கள். வேண்டாம்.

இன்ஸ்டால்ஷீல்டு 5 போன்ற சில பழைய இன்ஸ்டாலர்களை விண்டோஸே அடையாளம் கண்டு, அவற்றின் இடத்தில் 32 பிட் எஞ்சினை ஓட்டிவிடும். அது நடக்காவிட்டால் சிடிக்குள் பாருங்கள். சிலவற்றில் விளையாட்டு ஃபோல்டர் சுருக்கப்படாமல் அப்படியே இருக்கும், காப்பி எடுத்தாலே போதும். டேட்டா1 என்ற பெயரில் கேப் ஃபைல் இருந்தால் அது இன்ஸ்டால்ஷீல்டின் சொந்த வகை. மைக்ரோசாஃப்டின் கேப் வேறு, இது வேறு. 7-ஜிப் இதைத் திறக்காது, அன்ஷீல்டு என்ற இலவசக் கருவி திறக்கும். ஃபைல் பெயர் இசட் என்று முடிந்தால் அது இன்னும் பழைய இன்ஸ்டால்ஷீல்டு 3, அன்ஷீல்டுக்கும் எட்டாது. அப்போது வைன்விடிஎம் நல்ல வழி. 64 பிட் விண்டோஸிலேயே 16 பிட் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டித் தரும் இலவச மென்பொருள் அது. செட்டப் இஎக்ஸ்இயை அதன் ஐகான் மேல் இழுத்துப் போட்டால் பெரும்பாலும் வழக்கமான இன்ஸ்டாலர் திரை வந்துவிடும்.

கையால் காப்பி எடுத்தவர்களுக்கு அடுத்த தடை ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம். சிடி எந்த டிரைவில் இருக்கிறது, விளையாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையெல்லாம் செட்டப்தான் அங்கே எழுதி வைக்கும். அது இல்லாவிட்டால் சில விளையாட்டுகள் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் ப்ராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, விளையாட்டின் பெயரை மட்டும் வடிகட்டி, நேம் நாட் ஃபவுண்ட் என்று வரும் வரிகளைப் படியுங்கள். எந்தச் சாவியை, அதாவது எந்த ரெஜிஸ்ட்ரிப் பதிவை, தேடித் தோற்றது என்று அப்படியே தெரியும். அதை உருவாக்கும்போது ஒரு எச்சரிக்கை: 32 பிட் புரோகிராம் லோக்கல் மெஷினில் சாஃப்ட்வேர் பகுதியைக் கேட்டால், 64 பிட் விண்டோஸ் அதை வாவ்6432நோடு என்ற உட்பகுதிக்குத் திருப்பிவிடும். சாவியை வெளியே எழுதிவிட்டு, இருக்கிறதே, ஏன் தெரியவில்லை என்று திகைக்க வேண்டாம். உட்பகுதிக்குள் எழுதுங்கள்.

எங்கே நிறுவுகிறீர்கள் என்பதும் முக்கியம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள். சேமிப்பு ஃபைலைத் தன் சொந்த ஃபோல்டரிலேயே எழுதுவது அந்தக் கால வழக்கம். விஸ்டா முதல் அந்த எழுத்து தடுக்கப்பட்டு, வர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான இடத்துக்குத் திருப்பப்படுகிறது. ஒரு முறை அட்மினாகவும் மறுமுறை சாதாரணமாகவும் ஓட்டினால் சேமித்த ஆட்டம் காணாமல் போனதுபோல் தோன்றும். சி டிரைவில் கேம்ஸ் என்று தனியே ஒரு ஃபோல்டர் போதும். இன்னொன்று: நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருந்தும் இடம் போதவில்லை என்று செட்டப் அடம் பிடித்தால், அது காலி இடத்தை 32 பிட் எண்ணில் வாங்குகிறது. 2,147,483,647 பைட்டைத் தாண்டினால் அந்த எண் எதிர்மறையாகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 1 ஜிபி அளவில் ஒரு விஹெச்டி (தனி டிரைவ் போல நடந்துகொள்ளும் ஃபைல்) உருவாக்கி, ஃபார்மேட் செய்து, அதற்குள் நிறுவினால் பிரச்சினை தீர்ந்தது.

இனி திரை. ஒலி கேட்கிறது, படம் கறுப்பு. அல்லது படம் வருகிறது, நிறங்கள் கன்னாபின்னாவென்று மாறியிருக்கின்றன. அந்தக் கால இருபரிமாண விளையாட்டுகள் டைரக்ட்டிரா என்ற விண்டோஸ் பகுதி வழியாக 640க்கு 480 திரையில், 256 நிறங்கள் கொண்ட ஒரு நிறத்தட்டை வைத்து வரைந்தன. விண்டோஸ் 8 முதல் இந்தக் குறைந்த நிற நிலைகள் நேரடியாகக் கிடைப்பதில்லை, பாவனையாகத்தான் தரப்படுகின்றன. அந்தப் பாவனையில்தான் நிறமும் வேகமும் கெடுகின்றன.

தீர்வு ராப்பர், அதாவது விளையாட்டின் பழைய அழைப்புகளை வாங்கி இன்றைய விண்டோஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும் டிஎல்எல் ஃபைல். டிடிரா என்ற டிஎல்எல்லின் வேறொரு பதிப்பை விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும். விண்டோஸ் முதலில் புரோகிராமின் சொந்த ஃபோல்டரில் தேடுவதால், சிஸ்டம் டிஎல்எல்லுக்குப் பதில் இதை எடுத்துக்கொள்ளும். இருபரிமாண விளையாட்டென்றால் முதலில் சிஎன்சி-டிடிராவை முயலுங்கள். முப்பரிமாண விளையாட்டுக்கும், 3டிஎஃப்எக்ஸ் வூடு கிராஃபிக்ஸ் அட்டைக்காக அதன் சொந்தக் கிளைடு முறையில் எழுதப்பட்டவற்றுக்கும் டிஜிவூடு 2 தான். பழைய அழைப்புகளை டைரக்ட்3டி 11 அல்லது 12க்கு மொழிபெயர்த்துத் தருவதில் அது அருமையான வேலை செய்கிறது.

டிஜிவூடுவில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கணினி 64 பிட் என்பதால் எக்ஸ்64 ஃபோல்டரில் உள்ள டிஎல்எல்களை எடுத்துப் போடுவார்கள். விளையாட்டு 32 பிட் ஆயிற்றே, அதனால் எக்ஸ்86 ஃபோல்டரில் உள்ளவைதான் வேண்டும். டிடிரா, டி3டிஇம் இரண்டையும் எம்எஸ் ஃபோல்டரிலிருந்தும், கிளைடு டிஎல்எல்களை 3டிஎஃப்எக்ஸ் ஃபோல்டரிலிருந்தும் எடுங்கள். கூடவே அதன் கண்ட்ரோல் பேனலையும் அதே இடத்தில் வைத்து, வாட்டர்மார்க்கை இயக்கி ஒரு முறை விளையாட்டைத் திறங்கள். மூலையில் சின்னம் தெரிந்தால் ராப்பர் வேலை செய்கிறது. தெரியாவிட்டால் வேறு அமைப்புகளை மாற்றிப் பயனில்லை, டிஎல்எல் ஏற்றப்படவே இல்லை என்று பொருள். கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் முன்பு போட்ட டிக்குகளை எடுத்துவிடுங்கள், அவை ராப்பரோடு மோதும். படம் அகலத் திரையில் இழுபட்டுத் தெரியாமல் இருக்க, விகிதத்தைக் காத்து விரிக்கும் ஸ்கேலிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

படம் வந்தும் எல்லாம் பறக்கிற வேகத்தில் ஓடினால், ஆட்டத்தின் வேகம் ஃப்ரேமோடு கட்டப்பட்டிருக்கிறது. ராப்பரிலேயே ஃப்ரேமுக்கு உச்சவரம்பு வைக்கலாம். 60 அல்லது 30 வைத்துப் பாருங்கள். அவ்வப்போது உறைந்து நின்றால் டாஸ்க் மேனேஜரில் அஃபினிட்டியை, அதாவது எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற அமைப்பை, ஒரே கோருக்குக் குறையுங்கள்.

டாஸ் விளையாட்டுகளுக்கு, பழைய டாஸ் கணினியைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸ். அதன் வழியில் வந்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் இன்றைய திரைகளுக்கு இன்னும் பொருத்தம். இதில் கை வைக்க வேண்டியது முக்கியமாக சைக்கிள்ஸ், அதாவது அந்தப் பாவனைக் கணினியின் வேக எண். அசல் டாஸ்பாக்ஸ் சாதாரண டாஸ் புரோகிராம்களை 3000த்தில் தொடங்கும், 1980களின் விளையாட்டுக்கு அது சரி. 486 ப்ராசசர் காலத்து விளையாட்டுக்கு 25,000 அளவில் தொடங்கி, கண்ட்ரோலோடு எஃப்12ஐ அழுத்தி ஏற்றியும் எஃப்11ஐ அழுத்தி இறக்கியும் பாருங்கள். மேலே ஏற்ற ஏற்ற நல்லது என்றில்லை, ஒரு கட்டத்துக்குப் பின் ஒலி தடுமாறும். ரன்டைம் எரர் 200 வந்தால் அதுவும் வேகத்தின் வேலைதான். டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கும்போது, விடை அதற்கான இடத்தில் அடங்காமல் விழுகிறது. சைக்கிள்ஸைக் குறைத்தால் சரியாகும். விளையாட்டின் ஒலி அமைப்பில் சவுண்டு பிளாஸ்டர் அட்டையைத் தேர்ந்தெடுத்து, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள்.

இசை மட்டும் வரவில்லை என்றால் சிடியை நகலெடுத்த விதத்தைப் பாருங்கள். பல விளையாட்டுகளின் இசை அதே சிடியில் ஆடியோ டிராக்குகளாக இருந்தது. ஐஎஸ்ஓ ஃபைலில் தரவுப் பகுதி மட்டுமே வரும். பெயர் பின், க்யூ என்று முடியும் ஜோடி ஃபைல்களாக நகலெடுத்து, டாஸ்பாக்ஸில் க்யூ ஃபைலை இணைத்தால் இசை திரும்ப வரும்.

அசல் சிடிதானா என்று சோதிக்கும் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு உள்ள சிடிகள் தனிக் கதை. அவற்றுக்கான செக்டிரைவ் என்ற டிரைவர் விண்டோஸ் 10ல் நீக்கப்பட்டது. விண்டோஸ் 7, 8 போன்றவற்றிலும் 2015 செப்டம்பர் அப்டேட் அதை முடக்கியது. பாதுகாப்புக் குறை இருந்ததால்தான் எடுத்தார்கள், ஆகவே அதை எங்கிருந்தாவது கொண்டுவந்து பொருத்தாதீர்கள். தயாரித்தவர்கள் பூட்டை நீக்கி வெளியிட்ட அதிகாரப்பூர்வ பேட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள், அல்லது பூட்டில்லாத டிஜிட்டல் பதிப்பை வாங்குங்கள். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் ஆதரிக்கும் சாகச விளையாட்டென்றால் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். சிடியிலுள்ள தரவு ஃபைல்களைக் காட்டினால் அதுவே தன் எஞ்சினில் ஓட்டிக்கொள்ளும், பழைய இஎக்ஸ்இயே தேவைப்படாது.

லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டித் தரும் வைன் பல நேரம் விண்டோஸை விட நன்றாகவே பழைய விளையாட்டுகளை ஓட்டுகிறது, 16 பிட் செட்டப் உட்பட. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி பிரிஃபிக்ஸ் (வைன் தன் சி டிரைவையும் ரெஜிஸ்ட்ரியையும் வைக்கும் ஃபோல்டர்) வையுங்கள். ராப்பர் போடுகிறீர்கள் என்றால் வைனின் அமைப்புக் கருவியான வைன்சிஎஃப்ஜியில் டிடிராவை நேட்டிவ், பில்ட்இன் என்ற வரிசைக்கு மாற்ற மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வைன் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். மேக்கில் 2019ன் கேட்டலினா முதல் 32 பிட் மேக் விளையாட்டுகள் ஓடாது. அங்கேயும் டாஸ்பாக்ஸும் ஸ்கம்விஎம்மும் கைகொடுக்கும்.

ஒரு வழியாக விளையாட்டு ஓடத் தொடங்கியதும், அன்றே அந்த ஃபோல்டரை ராப்பர் டிஎல்எல், ஐஎன்ஐ ஃபைல்களோடு ஜிப் செய்யுங்கள். வாவ்6432நோடுக்குள் எழுதிய சாவியை எக்ஸ்போர்ட் செய்து, அந்த ரெக் ஃபைலையும் அதே ஜிப்புக்குள் போட்டுவிடுங்கள். எந்த ராப்பரின் எந்தப் பதிப்பு என்பதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து வையுங்கள், ஏனென்றால் அடுத்த பதிப்பில் அதே விளையாட்டு வேறு மாதிரி நடந்துகொள்வது உண்டு.