ஸ்குவாஷ் ராக்கெட்டில் அச்சடித்த எடையை நம்பி வாங்காதீர்கள்

2025 டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள் கண்ணாடிக் கோர்ட் போட்டு, சுவரில் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷுக்கு உலகக் கோப்பை நடத்தினார்கள். இறுதிப் போட்டியில் இந்தியா ஹாங்காங்கை 3-0 என்று வென்றது. அன்றிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் ராக்கெட் படங்கள்தான். முதலில் அனுப்பியது அண்ணன் மகன். கறுப்பு ஃபிரேம், ஆரஞ்சு கோடு, பக்கவாட்டில் பெரிதாக 110 கிராம். “அத்தை, இருக்கிறதிலேயே இதுதான் லேசு. வாங்கிடட்டுமா?”

வேண்டாம் என்றேன். அந்த 110 என்பது பெரும்பாலும் வெறும் ஃபிரேமின் எடை. கட் (பந்தை அடிக்கும் நரம்பு வலை) போட்டு, கைப்பிடியில் கிரிப் சுற்றி, தலையில் பம்பர் என்கிற காப்புப் பட்டை மாட்டி முடித்தால் முப்பது கிராமாவது ஏறிவிடும். என் ராக்கெட்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். விதிப்படி 255 கிராம் வரை இருக்கலாம். மர ராக்கெட் காலம் போன பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இன்றைய கிராஃபைட் ராக்கெட்டுகளுக்குள் இருப்பது பத்து இருபது கிராம் வித்தியாசம். கையில் அதைவிட நன்றாகத் தெரிவது, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

கடையிலேயே பார்த்துவிடலாம். ஆள்காட்டி விரலை நீட்டி ராக்கெட்டை அதன் மேல் கிடத்துங்கள். முழு நீளம் 68.6 செ.மீ. என்றால், கைப்பிடி முனையிலிருந்து 34 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டினால் நடுப்புள்ளி. அங்கேயே ஆடாமல் நின்றால் சமம். விரலைத் தலைப் பக்கம் தள்ளினால்தான் நிற்கிறது என்றால் தலை கனம். கைப்பிடிப் பக்கம் தள்ள வேண்டியிருந்தால் தலை லேசு.

பின் மூலையில் பந்து சுவரோடு ஒட்டிச் செத்துக் கிடக்கும்போது, தலை கனமான ராக்கெட் தானே இறங்கிப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும். புதிதாக ஆடுபவருக்கு அது பெரிய உதவி. முன்னால் நின்று வாலி அடிப்பவருக்கு, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிப்பவருக்கு, தலை லேசானது சட்டென்று திரும்பும். பேட்மிண்டன் ஆடிவிட்டு வருபவர்கள் கடையில் கையில் எடுத்ததுமே தலை லேசானதில் விழுந்துவிடுவார்கள், பழகிய கை அல்லவா. ஆனால் அதை வைத்துக்கொண்டு மணிக்கட்டாலேயே ஆடிக்கொண்டிருப்பார்கள், முழு வீச்சு வரவே வராது. அண்ணன் மகனும் பேட்மிண்டன்காரன்தான். 130 கிராம் பக்கம், தலை கொஞ்சம் கனமாக ஒன்றைப் பார் என்றேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சுவரில் ராக்கெட்டை இடிக்காமல் ஸ்குவாஷ் கற்றவர் யாரும் இல்லை. ஃபிரேம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு சீக்கிரம் விரிசல். சுவரில் இடித்து உடைந்ததற்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது.

அதற்காக, கழுத்தில் தனித் துண்டு வைத்து ஒட்டிய மலிவு அலுமினிய ராக்கெட்டுக்கும் போக வேண்டாம். நடுவில் படாத ஒவ்வொரு அடிக்கும், இரும்புக் குழாயால் கேட்டை அடித்த மாதிரி முழங்கை வரை அதிரும். முழுக்க கிராஃபைட்டாக ஒன்று, போன வருடத்து மாடல் என்றாலும் போதும். புது வருடத்து மாடலில் பல நேரம் பெயின்ட்தான் மாறியிருக்கும்.

வடிவத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. டியர்டிராப், அதாவது கண்ணீர்த் துளி வடிவத் தலை என்றால் நெடுக்கு கட் கைப்பிடி வரை நீளமாக ஓடும், பந்து துள்ளிப் போகும். கழுத்தில் குறுக்குப் பாலம் உள்ளதில் வேகம் கொஞ்சம் குறையும், நினைத்த இடத்தில் போடலாம். முதல் ராக்கெட்டுக்கு நான் டியர்டிராப் பக்கம்.

பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் கட். பல ராக்கெட்டுகளில் கம்பெனியிலிருந்து வரும் கட் தடிமனாக, வழவழவென்று இருக்கும்; பந்தைப் பிடிக்கவே பிடிக்காது. பன்னிரண்டாயிரம் ரூபாய் ராக்கெட்டை அந்தக் கட்டோடு ஆடுவதைவிட, ஆறாயிரம் ரூபாய் ராக்கெட்டில் நல்ல கட் போட்டு ஆடுவது எவ்வளவோ மேல். டென்ஷன், அதாவது கட்டை இழுத்துக் கட்டும் இறுக்கம், 24 பவுண்டு சொல்லுங்கள். இறுக்கிக் கட்டினால் வேகம் கூடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நேர் எதிர். இறுக்க இறுக்க வேகம் குறையும், கட்டுப்பாடு கூடும்.

அப்புறம், “பந்து பின்சுவர் வரைக்கும் போகவே மாட்டேங்குது, வேற ராக்கெட் மாத்தலாமா?” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பந்தைக் காட்டச் சொல்வேன். பாதிப் பேர் கையில் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து இருக்கும். விடாமல் பலமாக அடித்துச் சூடாக வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கான பந்து அது. ஏசி கோர்ட்டில் புதியவர் அடித்தால் துள்ளவே துள்ளாது. ஒற்றை மஞ்சள் புள்ளிக்கு, இன்னும் புதிது என்றால் சிவப்பு அல்லது நீலப் புள்ளிக்கு மாறினால் போதும், ராக்கெட் செலவு மிச்சம்.

கிரிப் சென்னைக்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை. டென்னிஸ் போல இதில் கைப்பிடி அளவு பல கிடைக்காது. மெலிதாகத் தெரிந்தால் மேலே ஒரு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். மே மாதத்தில் ஏசி இல்லாத கோர்ட்டில் ஆடினால் புது கிரிப்பும் சீக்கிரமே வழுக்கும். மொத்தமாக நாலைந்து வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

கடைசியில் அண்ணன் மகன் நடுத்தர விலையில் ஒன்று வாங்கினான், கட்டும் மாற்றிவிட்டான். மிச்சப் பணத்தில் கண்ணுக்குக் காகிள்ஸ் வாங்கு என்றதற்கு மட்டும், “அத்தை, கோர்ட்ல எல்லாரும் சிரிப்பாங்க” என்றான். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் 4 செ.மீ.தான், கண்குழிக்குள் அப்படியே போய் உட்காரும் அளவு என்றேன். ஜூனியர் போட்டிகளில் காகிள்ஸ் கட்டாயம் என்ற விதி இருப்பதையும் சொன்னேன். அவனுக்கு வயது பதினாறு. நேற்று கடை லிங்க் ஒன்று அனுப்பியிருக்கிறான், எந்த நிறம் நல்லா இருக்கும் என்று கேட்டு.