சாட்ஸ்வொர்த்திலிருந்து: மகளுக்கு டிவெட் பர்சரி கிடைத்த கதை

பர்சரி என்கிற படிப்பு உதவித்தொகைக்கு மகள் போட்ட விண்ணப்பத்தில் முதலில் முட்டிக்கொண்டது என் பெயர்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். இருபது வருஷம் ஓடிவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை முழுசாகப் போட்டோம். பிறகு தென்னாப்பிரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியபோதும் அதுவே தொடர்ந்தது. ஆனால் நாங்கள் இருக்கும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என்னை யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை. இங்கே நாயுடு, கோவேந்தர், பிள்ளை, படையாச்சி எல்லாம் குடும்பப் பெயர்கள். 1860 தொடங்கி கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஊரில் சாதிப் பெயராக இருந்தது இங்கே வந்து வாரிசுகளுக்கெல்லாம் கடைசிப் பெயராக நின்றுவிட்டது. பள்ளிக்கூடம், டாக்டர், கோயில் கமிட்டி என எல்லா இடத்திலும் நான் கணவர் வீட்டுப் பெயர்க்காரிதான். விண்ணப்பத்தில் "அம்மாவின் குடும்பப் பெயர்" என்று கேட்டதும் கை தானாக அதையே அடித்தது.

ஐடி எண்ணோடு பெயர் பொருந்தவில்லை என்று வந்துவிட்டது. மகள் திரையைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். மறுநாள் அவளுக்குக் கணக்குத் தேர்வு வேறு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். தெற்குத் தொழிற்பேட்டைப் பக்கம் என் கணவர் ஃபோர்மனாக இருந்த கிடங்கில் இடுப்பளவு சேறு. முதலாளி மூன்று மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு ஜூலையில் ஆட்களை நிறுத்தினார். சட்டப்படி முழுசாக முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். இவருக்குப் பதினான்கு வருஷம், பதினான்கு வாரம். கையில் அதுவும், யூஐஎஃப் என்ற காப்பீட்டு நிதி கொடுக்கும் வேலையில்லாக் கால உதவியும், ஒரு துணிக்கடையில் நான் கணக்கு எழுதிக் கொண்டுவரும் ஏழாயிரம் ராண்டும்.

மகள் அப்போது மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. எலெக்ட்ரிக்கல் படிக்கப் போகிறேன், யுனிவர்சிட்டி வேண்டாம், டிவெட் என்கிற தொழிற்கல்லூரி போதும் என்றாள். அவளுக்கு இந்த ஆசை வந்ததற்கு மின்வெட்டுதான் காரணம். அந்த வருஷம் லோட்ஷெடிங் ஆறாம் கட்டம் வரை போயிற்று. தெருவில் யார் வீட்டில் இன்வெர்ட்டர் மாட்டினாலும் இவள் ஏணியடியில் நிற்பாள். நாத்தனார் முகம் சுளித்தார். மாமியார் மட்டும், "பொம்பளப் புள்ளைக்கு கரண்டு வேலையா? சரி, அந்தக் கீசரையாச்சும் பார்ப்பா" என்றார். டர்பன் தமிழர் வீடுகளில் டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்ற மூன்றுக்கு வெளியே ஒரு படிப்பைச் சொன்னால், மார்க்கு குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று தான் நினைப்பார்கள். இந்த எண்ணம் எனக்கும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

நாடு முழுக்க அரசு டிவெட் கல்லூரிகள் 50. டர்பனைச் சுற்றி தெக்வினி, கோஸ்டல் கேஇசட்என், எலங்கேனி என்று மூன்று. இவற்றில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் எண்பது சதவிகிதத்தை அரசே ஏற்கிறது. மீதி இருபதுதான் கட்டணம். அந்த இருபதையும், போக்குவரத்து அல்லது தங்கும் செலவுக்குக் கொஞ்சத்தையும் கொடுப்பதுதான் என்எஸ்எஃப்ஏஎஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டத்தின் பர்சரி. பிள்ளைகள் வாயில் அது "என்ஸ்ஃபாஸ்". முன்பு யுனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு இது கடனாகத்தான் வந்தது. 2017 டிசம்பர் 16 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜூமா அறிவித்த பிறகு, ஏழை, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையாக ஆனது. வருமான வரம்பும் 1,22,000 ராண்டிலிருந்து 3,50,000 ராண்டாக ஏறியது. அப்பா, அம்மா இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் வரம்பு 6,00,000. சாஸா என்ற அரசு நிறுவனத்தின் சமூக உதவித்தொகையைத் தங்கள் பேரில் வாங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது. ஊருக்குள் பளபளவென்று போர்டு வைத்திருக்கும் தனியார் கல்லூரிகளுக்கு இந்தப் பணம் செல்லாது. முன்பணம் கட்டிவிட்டு, "அப்புறம் என்ஸ்ஃபாஸ் வரும்" என்று காத்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கல்லூரியில் இடம் கேட்பது ஒரு விண்ணப்பம், பணம் கேட்பது வேறு விண்ணப்பம். ஒன்றைப் போட்டால் மற்றது தானாகப் போய்ச் சேராது. நாங்கள் கல்லூரிக்கு ஆகஸ்டிலேயே போட்டுவிட்டோம். பர்சரி விண்ணப்பம் நவம்பரில் திறந்தது, மெட்ரிக் தேர்வு நடுவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மின்சாரம் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். அன்றைக்குத்தான் என் பெயர் காலை வாரியது.

பீரோவிலிருந்து என் பச்சை ஐடி புத்தகத்தை எடுத்து மகள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். அப்பா பெயர், அதிலும் நான் எப்போதும் எழுதும் விதத்தில் இல்லாமல் நடுவில் ஒரு எழுத்து கூடுதலாக. அப்படியே அடித்தோம், ஏற்றுக்கொண்டது. ஒரு எழுத்துக்கு ஒன்றரை மணி நேரம்! அப்போதுதான் ஒன்று கவனித்தாள். "அம்மா, நம்ம ரெண்டு பேர் ஐடியிலயும் பதினோராவது எண் வேற." பதின்மூன்று இலக்கத்தில் அவளுக்கு அந்த இடத்தில் சைபர், எனக்கு ஒன்று. சைபர் என்றால் குடிமகன், ஒன்று என்றால் நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவர். இத்தனை வருஷமாக இந்த எண்ணை எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன், தெரியவே தெரியாது. பர்சரிக்கு இரண்டு எண்ணுமே செல்லும் என்பதால் பயமில்லை. ஆனால் அந்த ஒன்றை அப்புறம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைபேசி எண் விஷயத்திலும் ஒரு தப்பு செய்தோம். மகளுடைய சிம்மில் எப்போதும் காசிருக்காது என்று என் எண்ணைக் கொடுத்தோம். ரகசிய எண் வரும்போதெல்லாம் நான் கடையில் இருப்பேன், அவள் வீட்டில் இருப்பாள். அதன் ஆயுளோ சில நிமிஷம். பிள்ளையின் சொந்த எண், சொந்த மின்னஞ்சல்தான் கொடுக்க வேண்டும். நாலைந்து வருஷம் மாற்றாத எண்ணாக இருந்தால் நல்லது.

2023 ஜனவரி 19 அன்று மந்திரி தேர்வு முடிவை அறிவித்தார். நாடு முழுக்க 80.1 சதவிகிதத் தேர்ச்சி. மகள் கணக்கிலும் அறிவியலிலும், டிப்ளமாவின் மூன்று படிகளில் (என்-ஃபோர் முதல் என்-சிக்ஸ் வரை) முதலான என்-ஃபோர் வகுப்புக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே வாங்கியிருந்தாள். தமிழில் எண்பத்தேழு, அது எதற்கும் உதவவில்லை, எனக்கு மட்டும் சந்தோஷம்.

அடுத்த வாரம் பர்சரி நிலவரம் வந்தது. நிராகரிப்பு. குடும்ப வருமானம் வரம்புக்கு மேல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் வருமானத்தை வரித்துறை ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஏட்டில் இருப்பது பழைய வருஷம். அப்போது கணவருக்கு மாதம் 24,000, எனக்கு 7,000. பன்னிரண்டு மாதத்துக்கு 3,72,000. அவர்கள் சொன்னது சரிதான், 22,000 அதிகம். ஆனால் அந்த வருமானம் சேற்றோடு போய் ஆறு மாதம் ஆகிறது. இதை எந்த ஏடும் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மேல்முறையீடு. முப்பது நாளுக்குள், அதே இணையதளத்தில், வருமானம் மாறியதற்கான சான்றுகளோடு.

தேவைப்பட்ட காகிதங்கள்: வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், முதலாளி நிரப்பிக் கொடுக்க வேண்டிய யூஐ-19 படிவம், மூன்று மாத வங்கிக் கணக்கு, என் சம்பளச் சீட்டு, கணவருக்கு இப்போது வருமானமில்லை என்று ஒரு சத்தியப் பிரமாணம். யூஐ-19 ஏற்கெனவே யூஐஎஃப் உதவிக்காக வாங்கி வைத்திருந்தோம், தப்பித்தோம். வேலை போகிற அன்றைக்கே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கம்பெனி மூடிய பிறகு யாரைத் தேடுவீர்கள்?

சத்தியப் பிரமாணத்தை நான் எழுதினேன். வெள்ளம், பதினான்கு வருஷ உழைப்பு, மாமியாரின் சர்க்கரை வியாதி, வீட்டுக் கடன் என்று ஒன்றரைப் பக்கம். எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. மகள் வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். கடைசியில் மிஞ்சியது ஐந்து வரி: இன்ன தேதியில் வேலை போனது, அதுவரை சம்பளம் இவ்வளவு, அதற்குப் பின் சம்பளம் இல்லை, யூஐஎஃப் தொகை இவ்வளவு, வீட்டில் இப்போது சம்பாதிப்பவர் மனைவி மட்டும், அவருக்கு மாதம் இவ்வளவு. "படிக்கிறவங்களுக்குத் தேதியும் தொகையும்தாம்மா வேணும்" என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

நகல்களுக்குச் சான்று, பிரமாணத்துக்குக் கையெழுத்து எல்லாம் போலீஸ் நிலையத்தில், காசு கிடையாது. காலை ஏழரைக்கே வரிசை நீண்டிருந்தது. பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கையில் பிளாஸ்டிக் உறையோடு பாட்டிமார்கள். எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் அதிகாரி கணவரைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டார். இதில் எழுதியிருப்பது தெரியுமா, புரிகிறதா? சத்தியம் செய்வதில் ஆட்சேபம் உண்டா? இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று நினைக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு இவர் ஒரு கணம் நின்று, "ஆமாம்" என்றார். வேலை போனதைப் பற்றி ஆறு மாதமாக வீட்டில் வாயே திறக்காத மனுஷன். முத்திரை விழுந்த சத்தம் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்டது, டொப், டொப் என்று பதினொரு தடவை.

கையெழுத்துப் போடாமல் வீட்டிலிருந்து கொண்டு போங்கள். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா முன்கூட்டியே போட்டு வந்து, திரும்ப எழுதப் போனார்.

இதற்கிடையில் வகுப்பு தொடங்கிவிட்டது. கல்லூரியில் பதிவுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே கேட்டார்கள். இழப்பீட்டுப் பணத்தில் மிச்சமிருந்ததைக் கட்டினோம். மேல்முறையீடு முடியட்டும், அடுத்த பருவத்தில் சேரலாம் என்று கணவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினியரிங் பிரிவில் ஒரு பருவமே மூன்று மாதம்தான். ஏப்ரல், ஆகஸ்ட், நவம்பர் என்று வருஷத்துக்கு மூன்று பரீட்சை. வருகை எண்பது சதவிகிதம் இல்லாவிட்டால் பரீட்சையும் எழுத முடியாது, உதவித்தொகைக்கும் ஆபத்து. பணம் வந்த பிறகு போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்தப் பருவமே கையைவிட்டுப் போயிருக்கும். மகள் காலை ஐந்தேமுக்காலுக்கு மினிபஸ் டாக்ஸி பிடித்தாள். அந்த மூன்று மாதம் டாக்ஸிக் காசு மாமியாரின் முதியோர் உதவியிலிருந்து போனது. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கொடுப்பார். இப்போது சொல்லிவிட்டேன்.

மார்ச் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. நான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் வேறெதுவும் எழுதாமல் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நாங்கள் கட்டியிருந்த முன்பணம் அப்புறம் கல்லூரிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

என்-ஃபோரில் நான்கு பாடம். மூன்றில் தேறினாள். எலெக்ட்ரோடெக்னிக்ஸ் போய்விட்டது, ஆகஸ்டில் திரும்ப எழுதினாள். பர்சரி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு. என்-சிக்ஸ் முடித்தவுடன் டிப்ளமா கையில் வராது. ஏதாவது ஒரு கம்பெனியில் 24 மாதம் வேலைப் பயிற்சி முடித்தால்தான் வரும். அந்த இடத்தை நாமேதான் தேட வேண்டும். முத்திரை குத்தி மூன்று மாதத்துக்கு மேலான நகலைப் பல கம்பெனிகள் வாங்க மாட்டேன் என்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே வரிசையில் நின்றோம். அதே பெண் அதிகாரி. மகளின் சான்றிதழைப் புரட்டி, "எலெக்ட்ரிக்கலா?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டில் பிளக் ஒன்று மழை பெய்தால் மட்டும் ட்ரிப் ஆகிறதே, ஏன் என்றார். முத்திரை கையில் அப்படியே நிற்க, மகள் சொன்ன விளக்கத்தை முழுசாகக் கேட்டார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள்தான் முணுமுணுத்தார்கள்.