ஊருக்குள்ள போகாதுங்க

விடிகாலை நாலே முக்காலுக்கு என்னையும் தங்கச்சியையும் தருமபுரி பைபாஸில் தள்ளிவிட்டுவிட்டு அந்த பஸ் பெங்களூர் பக்கம் பறந்துவிட்டது. சேலத்தில் ஏறும்போது "தருமபுரி நிக்கும்மா, ஏறுங்க" என்று சொன்ன அதே கண்டக்டர், தொப்பூர் கணவாயில் வண்டி முக்கி முனகி ஏறும்போது வந்து "ஊருக்குள்ள போகாதுங்க, பைபாஸ்ல எறங்கிக்கங்க" என்கிறார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றால், நீங்க கேக்கலையே என்று பதில். இருட்டு, நாய், லாரிகள், மேம்பாலத்தடியில் ஒரே ஒரு ஆட்டோ. நாலு கிலோமீட்டருக்கு முந்நூறு கேட்டார். "அக்கா, இந்த நேரத்துல வேற யாரு வருவா சொல்லுங்க" என்றார், அது உண்மை என்பதுதான் எரிச்சல். பேசிப் பேசி இருநூற்றைம்பதில் முடிந்தது. சேலத்திலிருந்து இரண்டு பேருக்கும் எடுத்த டிக்கெட்டைவிட இது அதிகம். இரண்டு நாளைக்கு மூவாயிரம் என்று போட்ட பட்ஜெட்டில் சூரியன் வருவதற்குள் ஓட்டை.

எங்கே தங்கினோம், எவ்வளவு ஆச்சு என்றெல்லாம் வரிசையாக எழுதுவதாகத்தான் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். பார்ப்போம்.

முதலில் கோட்டைக் கோயில். மல்லிகார்ஜுனர் சன்னதி மண்டபத்தில் ஒரு தூண் தரையைத் தொடாமல் தொங்குகிறது என்று கேள்விப்பட்டுத்தான் போனோம். தங்கச்சி பஸ் டிக்கெட்டை எடுத்து அடியில் நுழைத்தாள், போயிற்று. அவளுக்கு அதோடு திருப்தி. எனக்கு மற்ற தூண்களை விட்டு நகர மனம் வரவில்லை. இது நுளம்பர்கள் காலத்துக் கோயில். அவர்கள் இப்போது ஆந்திராவில் இருக்கிற ஹேமாவதியைத் தலைநகராக வைத்து ஆண்டவர்கள். தமிழ்நாட்டுக் கோயில் என்றாலே சோழர் என்று பழகிப்போன கண்ணுக்கு இந்த வேலைப்பாடு வேறு மாதிரி தெரிகிறது. ஊரும் அப்படித்தான், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும்.

அடுத்தது அகழ்வைப்பகம், பழைய கற்களையும் பொருட்களையும் வைத்திருக்கிற அருங்காட்சியகம். நான் இந்தப் பயணம் கிளம்பியதே இதற்காகத்தான். நடுகற்கள்! ஆநிரை கவர வந்தவர்களை எதிர்த்து, ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். கல்வெட்டு மொழியில் அந்த மாட்டு மந்தைக்குத் தொறு என்று பெயர். வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் நாலு வரி, கீழே ஒரு கையில் வில்லோ வாளோ பிடித்தவன், உடம்பில் அம்பு தைத்தபடி. ராஜா இல்லை, மந்திரி இல்லை. நம்ம தெருவில் மாடு வைத்திருக்கிறவர் மாதிரி ஒரு ஆள், அவ்வளவுதான். புலியைக் குத்திச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது. உடன்கட்டை ஏறிய பெண்களுக்கு வைக்கிற சதிக்கல் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். முழங்கையை மடித்து உயர்த்திய ஒரு கை, அதில் வளையல்கள். கல் தேய்ந்து முகம் போய்விட்டது, வளையல் வரிகளை மட்டும் இன்னும் எண்ணலாம். தங்கச்சி எண்ணினாள், நான் வேண்டாம் என்றேன்.

இந்த மாவட்டங்களில் இப்படிப்பட்ட கற்கள் வயலோரத்திலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன, வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். பேர் தெரியாத ஒருத்தன் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் படையல் சாப்பிடுகிறான்.

மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் அதியமான்கோட்டைக்கு ஒரு பைசா செலவில்லாமல் போனோம் (காலையில் ஆட்டோவுக்கு அழுதது கொஞ்சம் ஆறியது). அதியமான் கோட்டத்தில் அதியமானுக்கும் ஔவைக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது வேறு. அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரர் என்று ஒரு பெயரைச் சொல்கிறான். அது யார் என்று அறிஞர்கள் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில் ஒரு குகையில் தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்தில் ஒற்றை வரி கிடைத்தது: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. சத்தியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று அர்த்தம். தீர்ந்தது வழக்கு. அந்த அதியமானின் தகடூர்தான் இந்தத் தருமபுரி. அசோகனே பெயர் சொன்ன பரம்பரையின் ஊர், நம்ம கண்டக்டருக்கு மட்டும் உள்ளே வர மனசில்லை.

சரி, சாப்பாடு. திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு அம்மா களி போடுகிறார் என்று பூக்காரர் சொன்னதை நம்பிப் போனோம். நான் இதுவரை தின்றதெல்லாம் களியே இல்லை! நொய்யை வேகவிட்டு, அதன்மேல் ராகி மாவைக் கொட்டி, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நீளக் கட்டையால் கிண்டுகிறார். தோள் இறங்கி ஏறுகிறது, களி பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வருகிறது. கையைத் தண்ணீரில் நனைத்து ஒரே உருட்டு, தட்டில் விழுந்தது உருண்டை. நடுவில் குழி பறித்துக் கீரைக் கடைசல். நான் மென்றுகொண்டிருந்தேன், அந்த அம்மா பார்த்துவிட்டார். "ஏங் கண்ணு, களிய யாராச்சும் மெல்லுவாங்களா? பிச்சு, தொட்டு, முழுங்கு." முழுங்கினேன். இரண்டாவது உருண்டையும் வாங்கினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றுப் பத்து ரூபாய், இந்தப் பயணத்திலேயே உருப்படியான செலவு இதுதான்.

அவர் சிரிக்கும்போது பல்லில் பழுப்புப் பட்டைகள் தெரிந்தன. நான் பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்: "எங்க ஊரு போர் தண்ணி கண்ணு, பொறந்ததுலருந்து குடிச்சது." பென்னாகரம் பக்கத்துக்காரராம். இந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயசில் குடித்தால் பல்லில் கறை விழும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் இறங்கிவிடும். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. காவிரி ஓடுகிற மாவட்டத்துக்கே குடிக்கக் காவிரித் தண்ணீர் வர அவ்வளவு காலம். கடையில் நோட்டு எழுதிக்கொண்டிருந்த பேரனைக் கூப்பிட்டு "பல்லக் காட்டுடா" என்றார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினான். வெள்ளை வெளேர்.

சாயங்காலம் பாப்பாரப்பட்டி, விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடம். சிறையில் தொழுநோய் வாங்கி வந்த மனிதரை வெள்ளைக்காரன் ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தான். நடந்தே ஊர் ஊராகப் போயிருக்கிறார். 1925 ஜூலை 23-ல் இங்கேதான் இறந்தார், வயது நாற்பதுதான். அதற்கப்புறம் பஸ்ஸைப் பற்றிக் கொஞ்ச நேரம் நான் வாய் திறக்கவில்லை.

இரவு தங்கிய லாட்ஜைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஃபேன் சுற்றியது.

மறுநாள் கிருஷ்ணகிரி. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரித்து இதைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ரயிலேறி வந்து இறங்க முடியாது. முதல் வேலையாக அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம், பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை! இதற்கு யாரையும் திட்ட முடியாது, வாசல் பலகையைப் படித்துக் காட்டிய தங்கச்சி என்னைத்தான் திட்டினாள். இந்த மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டியதில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டசபையில் அறிவித்தார்களே, அதை வைத்து ஒரு நாள் முழுக்கத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் போச்சு.

கோபத்தில் சையத் பாஷா மலை ஏறினோம். வெயிலில் ஏறாதீர்கள், நான் ஏறினேன், வேண்டாம். 1791-ல் திப்புவோடு நடந்த சண்டையில் மேக்ஸ்வெல் என்ற வெள்ளைக்காரக் கர்னல் கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு மேலே கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினானாம். பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது அந்த ஆள் மீது எனக்கு அனுதாபமே வந்தது. அடுத்த வருஷம் திப்பு உடன்படிக்கையில் பாராமகால் என்கிற இந்த வட்டாரம் முழுவதையும் விட்டுக்கொடுத்ததால் கோட்டை சண்டையில்லாமலே கைமாறியது. மேலிருந்து பார்த்தால் சென்னை, பெங்களூர், சேலம், திருவண்ணாமலை என்று நாலா பக்கமும் சாலை, நாலிலும் லாரி. ஒன்றாவது இங்கே நிற்கிற மாதிரி தெரியவில்லை.

கீழே மண்டியில்தான் ஊர் உயிரோடு இருந்தது. மாம்பழ சீசன், காற்றே இனித்தது. பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் மலை மலையாக டிராக்டரில், கூழ் ஆலைக்குப் போக வரிசை கட்டி நிற்கிறது. ஒரு டிராக்டர்க்காரர் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நிற்கிறாராம். "கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேக்கறாங்கம்மா, பறிக்கிற கூலியே வரல" என்றார். சொல்லிவிட்டு, வாங்க வந்த என்னிடம் காசே வாங்க மாட்டேன் என்று அடம். பத்துக் கிலோவைச் சாக்கில் போட்டு, வற்புறுத்தித்தான் நூறு ரூபாயைச் சட்டைப் பையில் திணித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். லக்கேஜ் நூற்றிருபதாம். மாங்காயே நூறுதாங்க என்றேன். "அது மாங்காய் வெலைம்மா, இது பஸ்ஸு" என்று கிழித்துக் கொடுத்தார்.