சிவக்காத நாக்கு

பந்தி முடிந்ததும் அத்தை, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே கும்பகோணம் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, சீவலோடு வாயில் போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் மென்றும் நாக்கு சிவக்கவில்லை. இலை பச்சைத் தூளாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் தண்ணீர் குடித்ததை வெயிலின் வேலை என்றே நான் நினைத்திருந்தேன்.

முடக்குவாதத்தில் மூட்டுகளைத் தாக்கும் நோயெதிர்ப்பு மண்டலமே சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்கி வறளச் செய்துவிடுகிறது. 1933இல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரனின் பெயரே அந்நோய்க்கு நிலைத்துவிட்டது. உமிழ்நீர் குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும், வாயில் பூஞ்சை படரும். (அத்தைக்கு இவ்வாண்டு இரண்டு பற்கள் போயின.)

மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"மூட்டுக்குப் பார்க்கிறவரிடம் வாயைப் பற்றி எதற்குச் சொல்வது?" என்றவர், மறுபடியும் சொம்பை எடுத்தார்.