நாலாவது, அஞ்சாவது பசங்களுக்கு டேட்டாவும் சோர்ஸும் படிக்கச் சொல்லிக் கொடுத்தப்போ

சோஷியல் பாடத்துல ஒரு அட்டவணையோ பழைய போட்டோவோ வந்தா நம்ம பசங்க என்ன பண்ணுவாங்கன்னு அந்தக் கிளாஸ் எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். அட்டவணைல பெரிய நம்பர் எதுன்னு தேடுவாங்க, போட்டோன்னா கீழ இருக்கிற ரெண்டு வரியை அப்படியே காப்பி பண்ணுவாங்க, நாமும் டிக் போட்டுட்டு போயிடுவோம். கேள்வி அப்படிக் கேட்டா பதில் அப்படித்தான் வரும், பசங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது. இந்த வருஷம் வேற மாதிரி பண்ணிப் பார்த்தேன், முழு வருஷமும் ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டேன்: "உனக்கு இது எப்படித் தெரியும்?" இது ஒண்ணு பசங்க வாய்ல தானா வர ஆரம்பிச்சிட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும்னு நம்புறேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

போட்டோல இருந்து ஆரம்பிச்சேன், ஏன்னா வாசிப்புல தடுமாறுற பசங்களும் அதுல கலந்துக்க முடியும். லூயிஸ் ஹைன்னு ஒரு போட்டோகிராஃபர் 1908ல அமெரிக்காவுல ஒரு பஞ்சாலைல எடுத்த படம், நீளமான நூற்பு மெஷின் முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு வேலை பார்த்துட்டு நிப்பா. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இந்த மாதிரி ஹைன் எடுத்த படங்களை நெட்ல இலவசமாவே வச்சிருக்காங்க, பெருசா பிரிண்ட் எடுத்து கீழ இருந்த குறிப்பை மட்டும் பேப்பர் ஒட்டி மறைச்சிட்டேன். போர்டுல ரெண்டு பத்தி, ஒண்ணு "என்ன தெரியுது", இன்னொண்ணு "என்ன தோணுது", அவ்ளோதான். "அந்தப் பொண்ணு பாவம் மிஸ்"னு ஒரு பையன் சொன்னான். இது எந்தப் பக்கம்டா போகும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "மெஷின் தெரியுது, பாவம்ங்கிறது நான் நினைக்கிறது"ன்னான், அவனே எழுந்து வந்து ரெண்டாவது பத்தில எழுதினான். இந்த இடத்துல நாம வாயைத் திறக்காம இருக்கணும், அதுதான் கஷ்டம்.

அப்புறம் ஒட்டின பேப்பரை எடுத்தேன். குறிப்புல அந்தப் பொண்ணோட உயரம் 48 இன்ச், அரை வருஷமா வேலை பார்க்கிறான்னு இருக்கும். 48 இன்ச்னா எவ்ளோன்னு யாருக்கும் பிடிபடல, உடனே டேப் எடுத்து சுவத்துல ஒரு கோடு போட்டோம், ஒவ்வொருத்தரா போய் நின்னு பார்த்தாங்க. பாதி கிளாஸ் அந்தக் கோட்டை விட உயரம். கிளாஸே அமைதியாயிடுச்சு, ஒரு பொண்ணு மட்டும் "ஏன் மிஸ் அவர் உயரத்தை எழுதினாரு"ன்னு கேட்டா. நான் அதையே திருப்பி எல்லார்கிட்டயும் கேட்டேன். "வயசு எவ்ளோன்னு கேட்டா பெரியவங்க மாத்திச் சொல்லிடலாம், உயரத்தை மாத்த முடியாதுல்ல"ன்னு ஒரு பதில் வந்துச்சு. நல்ல பதில், ஆனா அதையும் "தோணுது" பக்கம்தான் எழுத வச்சேன்.

ஹைன் யாருக்காகப் படம் எடுத்தாருன்னும் சொன்னேன். குழந்தைத் தொழிலை நிறுத்தணும்னு போராடின ஒரு கமிட்டிக்காக வேலை பார்த்தவரு அவரு. உடனே ஒருத்தன் "அப்போ அவர் வேணும்னே அப்படிக் காட்டினாரா, பொய்யா"ன்னான். இந்த இடம் ரொம்ப முக்கியம், இங்க விட்டுட்டா பசங்க எல்லாத்தையும் சந்தேகப்படுறதுதான் புத்திசாலித்தனம்னு நினைச்சுக்குவாங்க. ஒருத்தருக்கு நோக்கம் இருக்குங்கிறதாலேயே அவர் சொல்றது பொய்யாகாது, ஆனா என்ன நோக்கம்னு தெரிஞ்சுகிட்டு பார்க்கணும், வேற யாராவது அதையே சொல்லியிருக்காங்களான்னு தேடணும். சாம் வைன்பர்க்னு ஒரு ஆய்வாளர் 1991ல வெளியிட்ட ஆய்வுல வரலாற்று அறிஞர்களையும் ஹைஸ்கூல் பசங்களையும் ஒரே ஆவணங்களைப் படிக்க வச்சுப் பார்த்தாரு, அறிஞர்கள் முதல்ல பார்த்தது இதை எழுதினது யாரு, எப்போங்கிறதைத்தான், பசங்க முதல் வரில ஆரம்பிச்சு நேரா கடைசி வரைக்கும் படிச்சிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் என் கிளாஸ்ல எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல்ல அடியில இருக்கிற பேரையும் வருஷத்தையும் சுழிக்கணும்னு பழக்கிட்டேன்.

டேட்டாவுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு தடவை கணக்கெடுக்கணும்னு நினைச்சேன், ஸ்கூலுக்கு எப்படி வர்றீங்கன்னு சாதாரண சர்வே. நடந்து, பஸ், சைக்கிள், வண்டின்னு நாலு கட்டம். அஞ்சு நிமிஷத்துல சண்டை. "எங்கப்பா லீவுல இருந்தா வண்டில, இல்லன்னா பஸ்ல, நான் எங்க போறது?" இன்னொருத்தி பஸ்ல இறங்கி நடந்து வர்றா. ரெண்டு கட்டத்துலயும் போட்டா கிளாஸ்ல இருக்கிறவங்களை விட மொத்தம் அதிகமா வருது. கடைசில அவங்களே கேள்வியை மாத்தினாங்க, "இன்னைக்கு ரொம்ப தூரம் எதுல வந்த?" அது வேலை செஞ்சுச்சு. ஆனா அன்னைக்கு வராதவங்களை எண்ணலையேன்னு ஒருத்தன் கிளப்பினான், எனக்கு அவனைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. ஒரு நம்பருக்குப் பின்னாடி யாரோ ஒருத்தர் உக்காந்து எதை எண்ணணும் எதை விடணும்னு முடிவு பண்ணியிருக்காங்கன்னு பத்து பீரியட் பேசினாலும் புரிய வைக்க முடியாது, இப்படி அவங்களே மாட்டிக்கிட்டாதான் புரியும்.

அப்புறம்தான் டைட்டானிக். கப்பல்னா பசங்களுக்குப் பிடிக்கும், கதை பாதி தெரியும், சோர்ஸும், அதாவது அந்தக் காலத்து பேப்பர், அறிக்கை மாதிரி ஆதாரமும், நிறைய இருக்கு. 1912 ஏப்ரல் 15 விடியக்காலைல முழுகுச்சு, அடுத்து வந்த சில பேப்பர்ல உயிர்ச்சேதமே இல்லன்னு தலைப்பு. இதைக் காட்டினதும் ஒரே சத்தம், பேப்பர்லயே தப்பா வருமான்னு. அப்போ வயர்லெஸ் செய்திகள் குழம்பிப்போய் வந்துட்டு இருந்துச்சு, எழுதினவங்க யாரும் அங்க இல்ல. தேதியைச் சுழிச்சு வச்சிருந்ததால ஒரு பொண்ணு டக்குனு பிடிச்சிட்டா, "சீக்கிரமா எழுதினதுல தப்பு வரும், லேட்டா எழுதினதுல மறந்து போகும்"னு. நான் சொல்லிக் கொடுக்காத வரி அது.

அதே வருஷம் ரெண்டு நாட்டு விசாரணை நடந்துச்சு. பிரிட்டிஷ் அறிக்கை 2,201 பேர்ல 711 பேர் பிழைச்சாங்கன்னு சொல்லுது, அமெரிக்க செனட் அறிக்கை 2,223 பேர்ல 706ன்னு சொல்லுது. எது கரெக்ட்னு கேட்டாங்க. ரெண்டுமே கவனமா எண்ணினவங்கதான், ஆனா ஆள் பட்டியல் தயாரிச்ச விதம் வேற, அதனால 700க்கு கொஞ்சம் மேலன்னு சொல்றதுதான் நியாயம்னு பேசி முடிவு பண்ணோம். சர்வேல சண்டை போட்டது இங்க உதவிச்சு.

இதுல பிரிட்டிஷ் அறிக்கையோட அட்டவணையை மட்டும் எடுத்துக்கிட்டோம். முதல் வகுப்புல 325 பேர்ல 203 பேர் பிழைச்சாங்க, ரெண்டாம் வகுப்புல 285ல 118, மூணாம் வகுப்புல 706ல 178, கப்பல் ஊழியர்கள் 885ல 212. யாருக்கு நிலைமை நல்லா இருந்துச்சுன்னு கேட்டேன். நான் எதிர்பார்த்த மாதிரியே ஊழியர்னு கத்தினாங்க, 212 தானே பெருசு. இந்த வயசுல சதவீதம் தெரியாது, அதனால கட்டம் போட்ட பேப்பர் கொடுத்தேன், 10 பேருக்கு ஒரு கட்டம். முதல் வகுப்புக்கு 33 கட்டத்துல 20க்கு கலர் அடிச்சாங்க, ஊழியருக்கு 89 கட்டத்துல 21. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினதும் கேள்வியே தேவைப்படல. ஒண்ணுல பாதிக்கு மேல கலர், இன்னொண்ணுல பெரும்பாலும் வெள்ளை. "எண்ணிக்கை பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஆனா பங்கு வேற"ன்னு நோட்ல எழுதினாங்க, மூணாம் வகுப்புல 4 பேர்ல ஒருத்தர்தான்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க.

இதுக்கடுத்து வந்ததுதான் வருஷத்துலயே எனக்குப் பிடிச்ச பீரியட். "ஏழைங்கன்னு விட்டுட்டாங்க"ன்னு ஒரு பையன் கோவமா சொன்னான். அவன் கோவம் எனக்குப் புரிஞ்சுச்சு, ஆனாலும் கேட்டேன், அட்டவணை அதைச் சொல்லுதா? மறுபடி படிச்சாங்க. எத்தனை பேர்னுதான் இருக்கு, ஏன்னு எங்கயும் இல்ல. அப்போ ஏன்னு தெரிஞ்சுக்க என்ன வேணும்? கப்பலோட மேப் வேணும், பிழைச்சவங்க சொன்னது வேணும், உயிர்காப்புப் படகு எங்க இருந்துச்சுன்னு தெரியணும்னு அவங்களே லிஸ்ட் போட்டாங்க. தளத்தோட வரைபடம் காட்டினேன், படகெல்லாம் மேல் தளத்துல, மூணாம் வகுப்பு அறைகள் பெரும்பாலும் கீழயும் கப்பலோட முன், பின் முனைலயும். படகு 20, எல்லாத்துலயும் சேர்த்து 1,178 பேருக்கு இடம். ஒரு பொண்ணு அதுல பிழைச்ச 711ஐக் கழிச்சுப் பார்த்துட்டு "அப்போ 467 இடம் காலியா போச்சா"ன்னு கேட்டா. கணக்கு சரி, ஆனா கடைசி ரெண்டு படகை ஒழுங்கா இறக்கவே முடியல, அதனால அந்த 467 அப்படியே காலி சீட் ஆகாது. பல படகு நிறையாமலே கிளம்பினது மட்டும் உண்மைன்னு சொன்னதும் அவ தன் வரியை அடிச்சிட்டு "நிறைய இடம் காலியா போயிருக்கலாம்"னு மாத்தி எழுதினா. அந்த "லாம்" ஒண்ணுக்காகத்தான் இவ்ளோ பாடும்.

கிராஃப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். கர்சியோங்கிற ஆய்வாளர் 1987லயே கிராஃப் படிக்கிறதை மூணு படியா பிரிச்சாங்க, அதுல இருக்கிறதைப் படிக்கிறது, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுறது, அதைத் தாண்டி ஊகிக்கிறது. நம்ம கொஸ்டின் பேப்பர் முதல் படிலயே நின்னுடுது, அதனால ஒவ்வொரு கிராஃபுக்கும் மூணு படிக்கும் ஒவ்வொரு கேள்வி வச்சேன். அச்சு பூஜ்யத்துல ஆரம்பிக்காத பார் கிராஃப் ஒண்ணு, அதே நம்பருக்கு பூஜ்யத்துல ஆரம்பிக்கிற கிராஃப் ஒண்ணு, ரெண்டையும் காட்டினா போதும், ஒரே வித்தியாசம் முதல் கிராஃப்ல ரொம்பப் பெருசா தெரியும், பெருசா விளக்கவே வேண்டாம். மெர்கேட்டர்ங்கிற உலக மேப்ல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்ல தெரியும், உண்மைல ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெருசு, குளோப்ல வச்சுக் காட்டிட்டு அந்த மேப்பை 1569ல கப்பல் ஓட்டுறவங்களுக்காகப் போட்டாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க, இல்லன்னா மேப் போட்டவரு ஏமாத்திட்டாருன்னு பசங்க நினைச்சுப்பாங்க.

போர்ஷன் முடியுமான்னு மேல இருந்து கேட்டுட்டேதான் இருந்தாங்க. முடிஞ்சுச்சு, தனி பாடமா வைக்காம ஏற்கனவே பாடத்துல இருக்கிற படத்தையும் அட்டவணையையும் எடுத்துக்கிட்டதால நேரம் பெருசா கூடல, ஆனா ஒரு பீரியட்ல ஒரே ஒரு சோர்ஸ்தான், ரெண்டாவது எடுத்தா ரெண்டுமே மேலோட்டமா போயிடும். மார்க் போடுறதையும் மாத்திக்கிட்டேன், விடைக்கு 1, எதை வச்சு சொன்னேன்னு எழுதினதுக்கு 2. ஒரு அம்மா வந்து என் பொண்ணு விடை சரியா எழுதியும் மார்க் குறைஞ்சிருக்கேன்னு கேட்டாங்க, பேப்பரைக் காட்டி எந்த வரியைப் பார்த்து எழுதினான்னு இல்லையேன்னு விளக்கினதும் சரின்னுட்டாங்க.

இன்னும் சரியா வராதது எழுதுறதுதான். வாயால அழகா சொல்ற பசங்க நோட்ல "மூணாம் வகுப்பு பாவம்"னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. இப்போதைக்கு "அட்டவணைல ... இருக்கு, அதனால ... இருக்கலாம்னு நினைக்கிறேன், ஆனா ... தெரியல"ன்னு கோடு விட்ட வாக்கியம் கொடுத்து நிரப்பச் சொல்றேன், மூணாவது கோட்டைத்தான் காலியா விட்டுட்டு வர்றாங்க. அடுத்த டெர்ம்ல அந்த மூணாவது கோட்டை முதல்ல வச்சுப் பார்க்கப் போறேன், யாராவது ஏற்கனவே அப்படிப் பண்ணியிருந்தா எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க.